கிளியைத் திறந்து மூடுகிறவர்கள்

நாட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: எப்படி ஓடுகிறது என்று தெரியாமலே அதை ஓட வைத்துவிடுகிறவர்கள். பார்த்திருப்பீர்கள். கூப்பிட்டால் வருவார்கள், நாற்காலியில் இருப்பவரை எழுப்பிவிடுவார்கள், நாலு தட்டுத் தட்டுவார்கள், சரியாகிவிடும். என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அது அப்படித்தாங்க."

பெரம்பலூரில் கல்யாண ரவிக்கைகளுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்டுத் தரும் ஒரு கடையில், ஜோதி இந்த இனத்தின் தலைமகள். மூன்று வருஷத்துக்கு முன் மெஷின் வந்து இறங்கியபோது, அதன் சாஃப்ட்வேருக்கு விளக்கம் என்று கூடவே வந்தது நாலு பக்கத் தாள். மூன்று பக்கம் சீன எழுத்து. மிச்சம் ஒரு பக்கம் ஷாக் அடித்தவன் படம். விற்றவருக்குப் போன் போட்டால், "ட்ரை பண்ணிப் பாருங்க மேடம்." ஜோதி ட்ரை பண்ணினாள். ஊசி உடைந்தது, நூல் சிக்கியது, மயிலுக்குக் கழுத்து வர வேண்டிய இடத்தில் வால் வந்தது, திரையில் ஏதோ ஒரு நம்பர் வந்து கண்சிமிட்டியது. நாற்பதாவது நாள் ஒரு கிளி டிசைனைக் கைதவறித் திறந்து, பதறி மூடிவிட்டு, மயிலைத் திறந்தாள். மயில் மயிலாகவே வந்தது.

அன்றிலிருந்து எதைப் போடுவதானாலும் முதலில் கிளியைத் திறந்து மூட வேண்டும். மூன்று வருஷமாக அந்தக் கடையில் எந்த மணப்பெண்ணின் ரவிக்கையும் கிளியின் அனுமதி இல்லாமல் தயாரானதில்லை. தான் பட்ட பாட்டில் எந்தப் பாடு பலித்தது என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அதனால் மொத்தப் பாட்டையும் ஒவ்வொரு தடவையும் பட்டுவிடுகிறாள்.

இப்போதுதான் சிக்கல். மகள் பிரவீணாவுக்கு வெள்ளிக்கிழமை அரியலூரில், சம்பந்தி வீட்டில், வளைகாப்பு. பெற்றவள் போகாமல் முடியுமா? ஆனால் முகூர்த்த மாதம். கடைக்காரர் சாமிதுரை சொல்லிவிட்டார்: "ரெங்கம்மாக்காவுக்குச் சொல்லிக் குடு. அவங்க தனியா ஒரு ரவிக்க போட்டுட்டா நீ கெளம்பு. இல்லாட்டி எப்படி விடறது?"

ரெங்கம்மாள் அதே கடையில் தைக்கிறவர், அரும்பாவூர்க்காரர். முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவர், ஜோதியைவிடப் பத்து வயது மூத்தவர்.

"மொதல்ல கிளியத் தொறங்கக்கா."

"நாம போடப்போறது தாமரையில்ல?"

"தொறந்து மூடுங்க."

"எதுக்கும்மா?"

"அது அப்படித்தான். ஏன்னு கேட்டா வராது."

"இந்த மூணாவது பட்டனு?"

"அதத் தொட்டுறாதீங்க."

"தொட்டா என்னாவும்?"

"தெரியாதுக்கா. நான் தொட்டதில்ல."

வியாழக்கிழமை பரீட்சை. ரெங்கம்மாள் நேராகத் தாமரையைத் திறந்தார். கிளியை மறந்தேவிட்டார். ஜோதி பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. தாமரை கோணினால் லீவு போச்சு. நேராக வந்தால் மூன்று வருஷ மரியாதை போச்சு. அந்த நிமிஷம் அவள் எதை வேண்டிக்கொண்டாள்? பெற்ற மனசு, கேட்காமல் விட்டுவிடுவோம்.

தாமரை தாமரையாக வந்தது.

"ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்க்கா."

"அப்படியா? இன்னொண்ணு போட்டுப் பாப்பம்."

அதுவும் வந்தது. சாமிதுரை, "நீ சாயங்காலமே பஸ் ஏறு ஜோதி," என்றார். லீவு கிடைத்தவர் முகம் அப்படித் தொங்கி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அரியலூரில் மகள் கையில் வளையல் ஏறுகிறது; அம்மாவின் கண் போனில். காலையிலிருந்து கடையிலிருந்து ஓர் அழைப்பு இல்லை. ஒன்றுகூட இல்லை.

"யாரு கூப்புடணும்னு பாத்துக்கிட்டே இருக்க?" என்றாள் பிரவீணா.

பொறுக்க முடியாமல் ஜோதியே கூப்பிட்டாள். "எல்லாம் சரியா ஓடுதாக்கா?"

"ஓடுதும்மா. ஒருவாட்டி நூலு அறுந்துச்சு."

அடடா, அந்த முகத்தில் வந்த வெளிச்சம்! பாட்டியாகப் போகிறாய் என்று கேள்விப்பட்ட அன்றுகூட அது வந்ததில்லை. "அப்புறம்?"

"அப்புறம் என்ன, கோத்துட்டேன். நீ புள்ளயப் பாரு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் உங்கள் கைக்கு மட்டும்தான் கேட்கும் என்று ஒரு பேர் இருக்கிறதல்லவா? போன வாரம் வீட்டில் ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்று, "எப்படின்னு சொல்லுங்களேன்," என்றபோது சொன்னீர்களா? இல்லை, திரும்பி நின்று, முதுகால் மறைத்துக்கொண்டு அமுக்கினீர்களா?