நண்டு கிள்ளியும் கலையாத கனவு

ஒரு காட்டில், எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேன் பிடித்துப் போய்ப் பிரியாணிப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வருவீர்கள், அப்படி ஒரு காட்டில் குழைக்காதன் என்றொரு முயல் இருந்தான். அவன் மனைவி பெயர் தங்கபுஷ்பம். ஓடைக்கரையில் ஒரு பொந்து, பொந்துக்கு முன்னால் கொஞ்சம் அறுகம்புல், இதுதான் அவர்கள் குடித்தனம்.

அந்தக் காட்டு முயல்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேயும்போது இன்னொருவர் காவல் இருக்க வேண்டும். புலித் தலை தெரிந்தால் பின்னங்காலால் தரையைத் தட்ட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டதும் மேய்கிறவர் வாயிலிருக்கும் புல்லை விழுங்கக்கூட நிற்காமல் பொந்துக்குள் பாய்ந்துவிடுவார். குழைக்காதன் தட்டினால் அக்கரைக்குக் கேட்கும். தங்கபுஷ்பத்துக்கு எத்தனையோ நல்ல இடங்களிலிருந்து மாப்பிள்ளை வந்தார்கள். "எனக்கு அழகெல்லாம் வேண்டாம், நல்லாத் தட்டுற ஆளாப் பாருங்க" என்று சொல்லி இவனைக் கட்டிக்கொண்டவள் அவள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் அருவி பார்க்க வந்தவன், பாறைமேல் டேப்லெட்டை வைத்துவிட்டு செல்ஃபி எடுக்கப் போனான். உச்சிமாகாளி என்கிற குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவிவிட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி.

டேப்லெட்டுக்குள் நிறையப் படம் இருந்தது. அந்த மகராசன் ஒரு பாட்டு, ஒரு சிரிப்பு, ஒரு சாமி படமாவது வைத்திருக்கக் கூடாதா? இல்லை. இருந்ததெல்லாம் ஒரே வகை. அதற்குப் பெயர் சைக்கலாஜிக்கல் த்ரில்லர் என்று உச்சிமாகாளி எல்லோருக்கும் விளக்கம் சொன்னது. படம் முடிந்த பிறகு யாருக்காவது கதை புரிந்துவிட்டால் அது வேறு வகையாம்.

எனக்கு இந்தப் படங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒருத்தன் ஓடுவான், ஓடுவான், ஓடிக்கொண்டே இருப்பான். ஒரு கதவைத் திறப்பான். உள்ளே அவனே உட்கார்ந்திருப்பான். அலறுவான். அலறியதும் கட்டிலில் கண் விழிப்பான். சரி, கனவு, நாம் வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தால், அவன் கால் பாதத்தில் சேறு ஒட்டியிருப்பதைக் காட்டிப் படத்தை முடித்துவிடுவார்கள். அப்படியென்றால் எது கனவு, எது நிஜம்? எனக்கெப்படித் தெரியும், எடுத்தவனுக்கே தெரிந்திருக்காது. ஆனால் காடு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. தினமும் மத்தியானம் ஆலமர நிழலில் படம். சார்ஜ் தீர்ந்தால், காட்டு வாசலிலிருக்கும் சோதனைச் சாவடிக் காவலாளி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து உச்சிமாகாளி ஜன்னல் வழியாக நுழைந்து ஏற்றிக்கொண்டு வந்துவிடும்.

கொஞ்ச நாளில் யாருக்கும் எதிலும் நிச்சயம் இல்லாமல் போயிற்று. அணில் கொட்டையைப் புதைத்துவிட்டு, புதைத்தது கனவோ என்று மறுபடி தோண்டிப் பார்த்தது. ஒரு மான் தன் குட்டியையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. சந்தேகம் வந்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும் என்று படத்திலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் மானுக்குக் குளம்பு, குருவிக்கு அலகு, பாம்புக்கு அதுவும் இல்லை, விரல் இருக்கிற உச்சிமாகாளிக்கோ படம் போடவே நேரம் சரியாக இருந்தது. முறையாகக் கிள்ளத் தெரிந்த ஒரே ஆள் ஓடையிலிருந்த நண்டு பிச்சையாதான்.

பிச்சையாவுக்கு வந்தது வாழ்வு. காலையில் கண் விழிக்கும்போதே வாசலில் வரிசை நிற்கும். அவர் நேராக நடக்க மாட்டார், பக்கவாட்டில்தான் வருவார், அதனால் வரிசையும் கரையோரமாகப் பக்கவாட்டிலேயே நின்றது. வந்து ஒரு கிள்ளு. கிள்ளு வாங்கியவர் அம்மா என்று கத்தினால், "நிஜம்தான், நகருங்க" என்பார். யாராக இருந்தாலும் வரிசைப்படிதான். யானை ஒருநாள் அவசரம் என்று முன்னால் வந்தது. நிஜமா என்று தெரிந்துகொள்ள மற்றவர்களுக்கும் அவசரம்தான் என்று சொல்லிப் பின்னால் அனுப்பிவிட்டார்.

தங்கபுஷ்பம் ஒரு படத்தைப் பாதி பார்த்தாள். ஓடுகிற அந்த ஆள் வழியில் ஒரு வாய் புல் தின்னவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, இவனுக்கு மண்டை குழம்பாமல் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவள், அந்தப் பக்கமே போகவில்லை. குழைக்காதனோ ஒரு படம் விடவில்லை.

ஒருநாள் அவள் மேய்ந்துகொண்டிருந்தாள், அவன் காவல். புதருக்குள்ளிருந்து புலித் தலை தெரிந்தது. குழைக்காதன் பின்னங்காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது. புலி இவ்வளவு மஞ்சளாக இருக்குமா, வெளிச்சம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது, நேற்றைய படத்தில்கூட ஆபத்துக்கு முன்னால் இப்படித்தான் வெளிச்சம் மாறியது, ஒருவேளை இது கனவாக இருந்தால் பாவம் மேய்கிறவளை எதற்கு வீணாகப் பதறவைக்க வேண்டும் என்றெல்லாம் அவன் யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் தங்கபுஷ்பத்தின் வாலில் பாதி போய்விட்டது. முயலுக்கு வாலே எவ்வளவு, அதில் பாதி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் பொந்துக்குள் வந்து உட்கார்ந்து மிச்ச வாலை நக்கிக்கொண்டாள். நக்கி முடித்ததும் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் அழுகையும் இருந்தது. எந்தச் சத்தத்தை நம்பி அவள் இந்த வீட்டுக்கு வந்தாளோ அந்தச் சத்தம் வரவில்லையே.

"அடுத்த தடவ நீங்க தட்டலன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

குழைக்காதன் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டான். பிறகு மெதுவாக, வால் நிஜமாகவே போய்விட்டதா, எதற்கும் பிச்சையாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமா என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் டேப்லெட்டில் அதுவரை பார்க்காத ஒரு படத்தை உச்சிமாகாளி போட்டுத் தொலைத்தது. அதில் கதாநாயகன் தன்னைக் கிள்ளிக்கொள்கிறான், வலிக்கிறது, ரத்தம்கூட வருகிறது, நிஜம் என்று நிம்மதியாகிறான், அப்புறம் கண் விழிக்கிறான். காடே இடிந்துபோயிற்று. குழைக்காதன் பொந்துக்கு வந்து தங்கபுஷ்பத்திடம் அதைக் காட்சி காட்சியாகச் சொல்லிப் புலம்பினான். வலித்தாலும் கனவாக இருக்கலாம் என்றால் பிச்சையாவின் கதி? மறுநாள் வரிசை பாதியாகக் குறைந்தது. அவர் சளைக்கவில்லை. இனி இரண்டு கொடுக்காலும் சேர்த்துக் கிள்ளப்படும் என்று அறிவித்தார்.

இனி புலிக்கு வருவோம். பெயர் வீரபாகு. அவரை அவர் என்றே சொல்கிறேன், எதற்கு வம்பு. வீரபாகுவும் படம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. முன்னால் வந்து உட்கார்ந்தால் கூட்டம் கலைந்து படம் நின்றுவிடும் என்று பாறைக்குப் பின்னால் மறைந்திருந்தே பார்ப்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து அவர் மனதிலும் ஒரு சங்கடம் புகுந்துவிட்டது. தங்கபுஷ்பத்தின் வாலைக் கடித்த மறுநாள் ஒரு கொழுத்த பன்றியை அடித்து, நிதானமாக, ஒரு எலும்பு விடாமல் சாப்பிட்டார். ஏப்பம் விட்டபோது கண் விழித்துவிட்டது. வயிறு காலி. தாடை வலித்ததுதான் மிச்சம். அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார், நிஜம் என்று உறுதியாகத் தெரியாமல் எதையும் மெல்லுவதில்லை என்று.

அந்த வாரமே தங்கபுஷ்பம் மேயும்போது வீரபாகு மறுபடி வந்தார். குழைக்காதன் பார்த்தான். இந்தத் தடவை காலைக்கூடத் தூக்கவில்லை. தட்டாவிட்டால் மனைவி போய்விடுவாள் என்பது நினைவிருந்தது, ஆனால் அவள் அப்படிச் சொன்னது கனவிலா நிஜத்திலா என்பதுதான் நினைவில்லை. அவன் அதை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும்போதே புலியின் முன்னங்கால் அவள் முதுகில் விழுந்தது.

தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் வீரபாகு அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது கனவா, நிஜமா?" என்று கேட்டார். இவரும் படம் பார்க்கிற ஆள்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் பதில் சொல்வதற்குள் அவள் வீட்டுக்காரன் முந்திக்கொண்டான். எனக்கும் அதே சந்தேகம்தான் அண்ணாச்சி, பிச்சையாகிட்ட போனா தெரிஞ்சிரும் என்றான். மனைவி உயிர் ஒரு பாதத்துக்கு அடியில் இருக்கும்போது இப்படிப் பேசுகிறவனை என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

போனார்கள். வீரபாகு தங்கபுஷ்பத்தை வாயில் நோகாமல் கவ்விக்கொண்டு நடந்தார், குழைக்காதன் பக்கத்திலேயே போனான். வரிசையில் ஒரு நரி, இரண்டு காட்டுக்கோழி, பழைய யானை நின்றன. புலி வந்து கடைசியில் நின்றது. ஒருவரும் ஓடவில்லை. இது கனவாகத்தான் இருக்கும் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். வாயில் தொங்கிக்கொண்டிருந்த தங்கபுஷ்பத்துக்கு மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பல்லின் கூர்மை, எச்சிலின் சூடு, இந்தக் கூட்டத்தில் ஒரு ஆளும் நமக்கு உதவப் போவதில்லை என்பது, எல்லாமே நிஜம்.

முறை வந்தது. வீரபாகு அவளைக் கீழே வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு மூக்கை நீட்டினார். பிச்சையா இரண்டு கொடுக்காலும் ஒரு கிள்ளு கிள்ளினார். புலி போட்ட சத்தத்தில் ஆலமரத்துக் கிளிகள் பறந்தன.

"நிஜம்தான், நகருங்க" என்றார் பிச்சையா.

வீரபாகு முகம் மலர்ந்தது. நாக்கைச் சுழற்றி மீசையை நனைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் தங்கபுஷ்பம் வாய் திறந்தாள். பிறந்ததிலிருந்து அவள் யாரையும் ஏமாற்றியதில்லை, உள்ளதை உள்ளபடி பேசுவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வத்தைப் புலி தின்னட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, அந்தப் படத்துலயும் வலிக்கத்தான செஞ்சுது?" என்றாள்.

புலிக்கு முகம் செத்துவிட்டது. ஆமாம், வலித்தது. ரத்தம்கூட வந்தது. பக்கத்திலிருந்து குழைக்காதன் வேறு, அது மட்டுமா அண்ணாச்சி, அந்தக் காட்சியில் ஒரு ஓடைகூட ஓடும், கவனித்தீர்களா என்று எடுத்துக் கொடுத்தான். ஆயுளில் அவன் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அது. என்ன பேசினோம் என்று அவனுக்கே தெரியாது.

அப்படியென்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று வீரபாகு பரிதாபமாகக் கேட்டார். தங்கபுஷ்பம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கனவென்றால் தூங்கி எழுந்ததும் கலைந்துவிடும். நிஜமென்றால் தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். அண்ணாச்சி என்னை இப்படியே காலுக்கடியில் வைத்துக்கொண்டு ஒரு தூக்கம் போடுங்கள். எழும்போது நான் இருந்தால் சாப்பிட்டுவிடுங்கள், நான் என்ன வேண்டாமென்றா சொல்லப் போகிறேன்.

இதில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று வீரபாகு யோசித்துப் பார்த்தார். இருப்பதாகத் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்களும் நல்ல யோசனை என்றார்கள். அவர் படுத்தார். சாப்பிட்டு நாளாகிவிட்ட களைப்பு, ஓடைக் காற்று, சீக்கிரமே குறட்டை வந்தது. குறட்டை வந்ததும் கால் தளர்ந்தது. தங்கபுஷ்பம் உருவிக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் வீரபாகு எழுந்து காலைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "கனவுதான், நல்லவேளை மெல்லல" என்று சொல்லிவிட்டு சந்தோஷமாக எழுந்து போனார்.

தங்கபுஷ்பம் பொந்துக்குக்கூடப் போகவில்லை. அம்மா வீடு மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில். தட்டத் தெரிந்தும் தட்டாதவனோடு இனி என்ன வாழ்க்கை என்று அழுதுகொண்டே ஏறினாள், அழுதுகொண்டே இறங்கினாள். அங்கே போனால் அம்மா வீட்டில் இழவு. சித்தப்பாவை அன்று காலையில்தான் புலி கொண்டுபோயிருந்தது. முந்தின நாள் சித்தி. தங்கபுஷ்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்க ஊர்ப் புலி படம் கிடம் பாக்காதா?" என்று கேட்டாள்.

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள், அதற்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. நேரத்துக்குத் தூங்கும், விடிவதற்கு முன் எழுந்துவிடும், கண்ணும் கருத்துமாகத் தொழிலைப் பார்க்கும். அதைக் கேட்டதும் தங்கபுஷ்பம் அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு மலையேறித் திரும்பிவிட்டாள்.

பொந்து வாசலில் குழைக்காதன் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "புஷ்பம், நீ என்ன விட்டுட்டுப் போன மாதிரி ஒரு கனவு" என்றான்.

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. மலை ஏறி இறங்கிய தூரம் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வசவு நாக்கு நுனியில் இருந்தது. அப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் வீரபாகு ஒரு காட்டெருமைக் கன்றைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்ததும், கன்று மெல்ல உருவிக்கொண்டு போனதும் அவள் கண்ணில் பட்டது. அவள் அந்த வசவை விழுங்கிக்கொண்டாள். பிறகு, "ஆமாங்க, கனவுதான்" என்றாள்.

இப்போதெல்லாம் அந்தக் காட்டில் காவல் இருப்பது, தட்டுவது எல்லாம் தங்கபுஷ்பம்தான். படம் பார்த்துக்கொண்டிருக்கும் குழைக்காதன் அந்தச் சத்தம் கேட்டால், பின்னணி இசை பிரமாதம் என்பான். வீரபாகு எலும்பும் தோலுமாக இளைத்துவிட்டார், ஆனால் பார்வையில் ஒரு ஞானம் வந்திருப்பதாகப் பேசிக்கொள்கிறார்கள். பாறைக்குப் பின்னால் அவர் உட்காருமிடத்தில் தங்கபுஷ்பமே கல் பொறுக்கிச் சுத்தம் செய்து, காய்ந்த புல் பரப்பி வைக்கிறாள். உச்சிமாகாளிக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தபோது, சோதனைச் சாவடி ஜன்னலில் ஏறி சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவள்தான்.

நீதி: காட்டில் ஒருவர் விழித்திருந்தால் போதும், மற்ற எல்லோரும், முக்கியமாகப் புலி, படம் பார்க்கட்டும். சார்ஜ் மட்டும் தீரக் கூடாது.