மூணேகால் மீட்டர்

“எத்தனை மீட்டருங்க?”

ஒண்டிக்கடை என்ற ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பொன்னுவேல், கத்திரியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையாகக் கேட்டார். மேசை மேல் காப்பிக் கலர் கோட்டுத் துணி விரிந்து கிடந்தது. பாக்கியநாதன் அதைத் தடவிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். எத்தனை மீட்டர் என்று மட்டும் சொல்லவில்லை.

சொல்லத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

மகள் லூர்துசெல்விக்கு வருகிற ஞாயிறு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சேகர், சேலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். தானாகத் தேடி வந்த சம்பந்தம். நிச்சயத்தன்று மாப்பிள்ளைக்குக் கோட்டும் பேண்ட்டும் தைக்கத் துணி வைத்துக் கொடுப்பது பெண்வீட்டார் முறை. சம்பந்தி நல்ல மனுஷர், “பையனோட அளவை எழுதி அனுப்பட்டுங்களா?” என்று பெண் பார்க்க வந்த அன்றே கேட்டார். அதற்கு வேண்டும் என்றோ சரி என்றோ சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“எதுக்குங்க? நான் எஸ்டேட்ல ஸ்டோர் கீப்பருங்க. காப்பிக்கொட்டைக் குவியலைப் பார்த்தே எத்தனை மூட்டை வரும்னு சொல்றவன். மாப்பிள்ளையைத்தான் கண்ணால பார்த்துட்டனே, அது போதுங்க” என்றுவிட்டார் பாக்கியநாதன்.

பார்த்தார்தான். என்னத்தைப் பார்த்தார்? மலைக் குளிருக்குப் பயந்து, சேலத்து மாப்பிள்ளை இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் மப்ளர், தலையில் குரங்குக் குல்லா என்று வந்திருந்தார். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தவர் கடைசி வரை எழுந்திருக்கவில்லை. அவர் கிளம்பும்போது வெளியே ஒரே மூடுபனி. பாக்கியநாதன் மாப்பிள்ளை என்று நினைத்துக் கும்பிட்டது வாசலில் நின்ற சில்வர் ஓக் மரத்தை.

“மூணு மீட்டர் போடுங்க” என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

கத்திரி ஓடியது. “வெட்டின துணி வாபஸ் இல்லீங்க” என்றார் பொன்னுவேல். அப்பாடா, ஒரு வேலை முடிந்தது என்று பாக்கியநாதன் பொட்டணத்தோடு தன் ஊர் தலைச்சோலைக்கு பஸ் ஏறினார்.

அந்த நிம்மதி வீட்டு வாசல் வரைதான் வந்தது.

“ஏனுங்க, மூணு மீட்டர் எந்த மூலைக்குங்க?” என்றாள் மனைவி தேவகுமாரி. “அன்னிக்கு ஒம்பது இடியாப்பம் சாப்பிட்டாருங்க அந்தத் தம்பி. வயித்துக்கே தனியா அரை மீட்டர் வேணும்.”

அந்த நேரம் பார்த்து ஜீப் டிரைவர் லாசர் உள்ளே வந்தார். அன்று மாப்பிள்ளையைச் சேலத்திலிருந்து கூட்டி வந்தவர் அவர்தான்.

“மூணா? அவரு தலை ஜீப் கூரையில இடிச்சுட்டே வந்துச்சுங்க. ஆறடிக்கு மேல இருப்பாரு. நாலரை எடுங்க.”

“மூணரை போதும்” என்றாள் தேவகுமாரி.

“மூணேகால் போதுங்கப்பா” என்றாள் லூர்துசெல்வி, காப்பித் தட்டை வைத்துக்கொண்டே.

“நீ தலையைக் குனிஞ்சவ நிமிரவேயில்ல, உனக்கென்ன கண்ணு தெரியும்?” என்று அவளை அடக்கினார் பாக்கியநாதன். “பத்தாம போனா சம்பந்தி ஊட்டுல காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க.”

மறுநாள் மறுபடியும் ஒண்டிக்கடை. ஒரே துண்டாக நாலரை மீட்டர். பொன்னுவேல் இந்தத் தடவை ஒரு வார்த்தை கேட்கவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார்.

திரும்பும்போது லாசரின் ஜீப்பிலேயே ஏறினார் பாக்கியநாதன். பின் சீட்டில் உட்கார்ந்ததும் அவர் தலையும் கூரையில் இடித்தது. அவர் ஐந்தடி மூன்றங்குலம்.

“லாசரு, என்னய்யா இது?”

“மொளகு மூட்டைங்க. சீட்டு பிஞ்சு போச்சு, அதுக்குப் பதிலா போட்டுருக்கேன். மெத்துனு இருக்குமுங்க.”

“மாப்பிள்ளை வந்த அன்னிக்கு?”

லாசர் காலி ரோட்டில் ஹாரன் அடித்தார். “அன்னிக்கு ரெண்டு மூட்டைங்க.”

குள்ளமான மாப்பிள்ளைக்கு நாலரை மீட்டரைக் கொடுத்தால் அதைவிட நக்கல் வேறு வேண்டுமா? வீட்டுக்குப் போனதும் பாக்கியநாதன் லாசரை அதே நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டிலிருந்த ஸ்வெட்டரையெல்லாம் மாட்டிவிட்டு, சுவரிலிருந்த மாதா காலண்டருக்கு மாப்பிள்ளையின் தலை எங்கே வந்தது என்று அளந்து பார்த்தார். காலண்டரைப் போன வாரம்தான் வேறு ஆணிக்கு மாற்றினேன் என்றாள் தேவகுமாரி. லாசருக்கு வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

மறுநாள் ஸ்டோரில் மூட்டைகளுக்கு நடுவே நின்றபோதுதான் பாக்கியநாதனுக்கு அது உறைத்தது. துணி கிடக்கட்டும். பெற்ற பெண்ணைக் கொடுக்கப் போகிறேன், அந்த ஆள் நெட்டையா குட்டையா என்றுகூட எனக்குத் தெரியவில்லையே. குணம் எங்கே தெரிந்திருக்கப் போகிறது? பெண்ணாவது வாயைத் திறந்தாளா? அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

சாயங்காலம் மகளைக் கூப்பிட்டார்.

“கண்ணு, உள்ளதைச் சொல்லு. மாப்பிள்ளையை உனக்குப் பிடிச்சிருக்குதா? இல்லைன்னா இப்பவே நிறுத்திப் போடலாம்.”

“நீங்க பார்த்துச் சொன்னாச் சரிங்கப்பா” என்றாள் அவள், நிலத்தைப் பார்த்து.

இதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய? முன்னைவிடப் பயம்தான் கூடியது.

துணி விஷயத்துக்காவது ஒரு வழி செய்தார். ஒண்டிக்கடை டெய்லர் குழந்தைவேலை நிச்சயதார்த்தத்துக்குக் கூட்டி வந்தார். “ஆள் உள்ள வந்ததும் நல்லாப் பார்த்துக்க. மூணா, நாலரையான்னு எங்காதுல சொல்லு. அந்தப் பொட்டணத்தைத் தட்டுல வச்சர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை கோயிலை ஒட்டிய ஹாலில் கூட்டம் நிரம்பிவிட்டது. மாப்பிள்ளை வந்தார், அதே இரண்டு ஸ்வெட்டர், அதே மப்ளர், அதே குல்லா. வந்த வேகத்தில் உட்கார்ந்தும் விட்டார்.

“தெரியலீங்களே” என்றார் குழந்தைவேல், எம்பிப் பார்த்து.

பாக்கியநாதன் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டார். மாதா போட்டோக்காரர் உருவத்தில் வந்தார்.

“மாப்பிள்ளை, இந்தக் குல்லாவோட எடுத்தா திருடனைப் பிடிச்சு வச்ச மாதிரி இருக்குமுங்க. எல்லாத்தையும் கழட்டிட்டு எந்திரிச்சு நில்லுங்க.”

மாப்பிள்ளை வெட்கத்தோடு ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே இருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை, தொந்தியும் இல்லை. அளவான, லட்சணமான பையன். ஒன்பது இடியாப்பமும் எங்கே போயிற்றோ.

குழந்தைவேல் கண்ணைச் சுருக்கிச் சட்டையைப் பார்த்தார். சட்டைப் பையைப் பார்த்தார். பிறகு பாக்கியநாதன் காதில், “மூணும் வேண்டாம், நாலரையும் வேண்டாமுங்க. மூணேகால். பெரிய பொட்டணத்துல ஒண்ணேகாலை வெட்டி எடுத்துப் போடலாம், கத்திரி பையிலதான் இருக்குது” என்றார்.

மானம் தப்பியது. பாக்கியநாதனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மூணேகால் என்று ஏற்கெனவே யாரோ சொன்ன மாதிரியும் இருந்தது.

“எப்படிய்யா, பார்த்ததுமே கால் மீட்டர் சுத்தமாச் சொல்ற?”

“பார்த்துச் சொல்லலீங்க. அந்தச் சட்டைப் பையில கட்டத்தோட கட்டம் சேர்த்துத் தைச்சது நானு. அவருக்குச் சட்டை தைக்கறதே நான்தானுங்க.”

“சேலத்துப் பையனை உனக்கு எப்படித் தெரியும்? ஆள் எப்படி, நல்ல மாதிரியா?” பாக்கியநாதன் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஆளை இன்னிக்குத்தானுங்க பார்க்கறேன்” என்றார் குழந்தைவேல். “ஆனா மூணு வருசமா ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் துணியும் அளவுச் சட்டையும் கொண்டாந்து குடுத்து, ‘நொம்ப நல்லவருங்கண்ணா, பார்த்துத் தைங்க, எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க’ன்னுட்டுப் போறது நம்ம பாப்பாதானுங்களே.”