பின்சீட்டுப் பட்டு

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பள்ளுருத்தியில் வாகன சாமியின் கொட்டகைக்கு முன்னால் கார்கள் வரிசை கட்டி நிற்கும். சாமியின் பெயர் வாஞ்சிநாதன். முன்பு மனிதர்களுக்கு ஜாதகம் பார்த்தவர், இப்போது கார்களுக்குப் பார்க்கிறார். கார்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை அல்லவா! அதிலும் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் வண்டி என்றால் அவருக்குத் தனிப் பிரியம். ஒரே உடம்பில் இரண்டு உயிர் இருந்தால் அம்மனுக்குக் கோபம் வராதா என்று கேட்பார். வரும் என்று கூட்டம் தலையாட்டும். அம்மனை யாரும் கேட்கவில்லை.

அப்படித் தலையாட்டியவர்களில் தங்கதுரையும் ஒருவன். மட்டாஞ்சேரிக்காரன், பழைய யூதர் தெருவான ஜூ டவுனுக்கு வரும் டூரிஸ்டுகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவன். மனைவி சங்கரியின் வளையல்களெல்லாம் சேர்ந்து ஒரு பழைய ஹைபிரிட் காராகி வாசலில் நின்றது. வாங்கிய கையோடு சாமியிடம் ஓட்டிப் போனான். சாமி பின்சீட்டின் ஓரத்தில், அம்மன் அமர்வதற்கென்று, ஒரு சிவப்புப் பட்டுத் துணியைப் பக்கவாட்டில் தொங்க விரித்து ஊசி குத்தினார். அதை யாரும் தொடக்கூடாது. டூரிஸ்டுகள் மறு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள்.

அன்று பிடித்தது சனி. பேட்டரி சூடாகிறது என்று வண்டி விளக்குப் போட்டது. தங்கதுரை சாமியிடம் ஓடினான். சாமி பழைய பட்டை எடுத்துப் போட்டார். அம்மனுக்குப் புழுங்கக் கூடாது என்று ஏசியை முழுக்க வைக்கச் சொன்னார். தேங்காய் உடைத்து, நெடுநேரம் மந்திரம் சொன்னார். விளக்கு அணைந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கடைசியாகப் புதுப் பட்டு விரித்தார். சில நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. இதுவே வழக்கமானது.

ஒருநாள் சாமி கண்ணை மூடித் திறந்து, இந்த வண்டி உயிர்ப்பலி கேட்கிறது, அடுத்த ஞாயிறே என் சிஷ்யன் பினுவுக்கு, அவன் கொடுக்கிற விலைக்குத் தள்ளிவிடு என்றார். தங்கதுரை அழுதான். அழுதுகொண்டே சம்மதித்தான். வண்டி போனால் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்டாள் சங்கரி.

அந்த வாரம் தேவராவிலிருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோன மீன் குழம்பு பட்டில் கொட்டிவிட்டது. சங்கரி அதை உருவித் துவைத்துப் போட்டாள். விடாத மழை, பட்டு காயவே இல்லை. வண்டி பட்டில்லாமலே ஓடியது. விளக்கு எரியவே இல்லை. பட்டு கிடந்த இடத்தில், சீட்டின் பக்கவாட்டில், தூசியும் நூலும் அப்பிய வலை ஒன்று தெரிந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தாள். வண்டியை ஆன் செய்து ஒரு துண்டுக் காகிதத்தை அதன்மேல் வைத்தாள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டது.

"இங்க பாருங்க. பேட்டரிய ஆத்துற காத்து இது வழியாத்தான் உள்ள போகுது. உங்க சாமி வண்டியோட மூக்கைப் பொத்திட்டு, மூச்சு முட்டுதுன்னு பூஜை பண்றாரு."

மீன் வாடை பிடிக்காமல் அம்மன் இறங்கிப் போயிருப்பாள், அதனால்தான் விளக்கு எரியவில்லை என்றான் தங்கதுரை.

"இறங்கிப் போயாச்சுன்னா நல்லதுதானே. பின்ன எதுக்கு விக்கணும்?"

ஆனாலும் ஞாயிறு காலை தங்கதுரை, ஒருவழியாகக் காய்ந்த பட்டை விரித்துக்கொண்டுதான் கிளம்பினான். சங்கரியும் ஏறிக்கொண்டாள். ஊரைச் சுற்றிவிட்டுப் போகலாம் என்றாள், சுற்றினார்கள். பள்ளுருத்தி போய்ச் சேரும்போது விளக்கு எரிந்தது.

பினு சாவிக்குக் கை நீட்டினான். சங்கரி கொடுக்கவில்லை.

"சாமி, விக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு பூஜை. எல்லாம் வழக்கம்போலப் பண்ணுங்க. பட்டை மட்டும் எடுக்க வேண்டாம்."

அது ஆகமத்துக்கு விரோதம் என்றார் சாமி. அம்மன் பட்டின் மேலேயே இருக்கும்போது மந்திரத்துக்கு இன்னும் பலம் கூடாதா என்று வரிசையில் நின்ற ஒருவர் பக்தியோடு கேட்டார். பக்தர்களே மாட்டிவிட்டால் சாமி என்ன செய்வார்! மந்திரம் சொன்னார். தேங்காய் உடைத்தார். ஏசி ஓடியது, சாமிக்கு வேர்த்தது. விளக்கு அசையாமல் எரிந்தது.

சங்கரி பட்டை உருவினாள். மந்திரம் இல்லை, தேங்காய் இல்லை. கூட்டம் ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது.

அடுத்து அவள் சாமியின் காரைத் திறந்து காட்டினாள். அதுவும் ஹைபிரிட்தான். பின்சீட்டில் பட்டு இல்லை. கொட்டகைக்குப் பின்னால் பினு விற்பதற்கு நிறுத்தியிருந்த கார்களிலும் இல்லை. அதில் ஒன்றை, வேறு காரோடு வரிசையில் நின்ற இன்னொருவர் உற்றுப் பார்த்தார். போன மாதம் உயிர்ப்பலிக்குப் பயந்து அவர் தள்ளிவிட்ட அவருடைய கார்தான் அது. அவர் பினுவின் சட்டையைப் பிடிக்கும்போது சாமியின் கார் தெரு முனையைத் தாண்டியிருந்தது. நன்றாகத்தான் ஓடியது.

திரும்பும் வழியில் தங்கதுரை மெதுவாக, பம்பரில் கட்டிய எலுமிச்சம்பழத்தை என்ன செய்வது என்று கேட்டான். ஊறுகாய் போடலாம் என்றாள் சங்கரி.

பள்ளுருத்தியில் அன்று எல்லாரும் பட்டை உருவினார்கள். கார்கள் மூச்சு விட்டன. அடுத்த ஞாயிறு அதே கொட்டகையில் வாஷிங் மெஷினுக்குத் தோஷம் கழிக்கிறவர் வந்து உட்கார்ந்தார். வரிசை நிற்கிறது. காரின் மூக்கை அடைத்த துணியைச் சங்கரி எடுத்துவிட்டாள். உங்கள் கண்ணில் கட்டிய துணியை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும்.