பக்கம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கிய கையோடு லிஃப்ட் மெக்கானிக் ஒரு பிரகடனம் செய்தார்.

"இனிமே இந்த வீட்டுல காகிதப் புத்தகம் கிடையாது."

அவர் மனைவி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

"சரிங்க."

அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் சண்டை போடாமல் 'சரிங்க' சொன்னது மூன்றே முறை. முதல் தடவை அவருடைய மோட்டார் சைக்கிள் போனது. இரண்டாவது தடவை மீசை போனது. இது மூன்றாவது.

"புத்தகம் போனா அலமாரியை ஓரமாத் தள்ளிட்டு சாய்வு நாற்காலி போடலாம். இதுல முப்பத்தொரு நாவலும் இருக்கு பாரு" என்று கையிலிருந்த மின்னூல் பலகையைத் தட்டிக் காட்டினார்.

முப்பத்தொன்றும் துப்பறியும் நாவல்கள். எழுதினவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் படைத்த துப்பறிவாளர் மட்டும் மழைக்கோட்டைக் கழற்றாமல் இன்னும் வாசகர்கள் தலைக்குள் நடமாடுகிறார். அந்த வாசகர்கள் கூடி ஓர் இணையதளம் வைத்திருந்தார்கள். துப்பறிவாளர் எத்தனை முறை தும்மினார், எந்தக் காலில் சுளுக்கு என்று அதில் சகலமும் இருக்கும். ஒரே ஒரு சட்டம். எதை எழுதினாலும் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று சான்று காட்ட வேண்டும். மெக்கானிக் நாற்பது குறிப்புகள் எழுதியிருந்தார். காலியாயிருந்த சான்று சரிபார்ப்பாளர் பதவி தனக்குத்தான் என்று அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தார்.

அலமாரி காலியானது. புத்தகங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் போயின. நாற்காலி வந்தது. மெக்கானிக் சாய்ந்தார்.

திங்கட்கிழமையே இடி விழுந்தது. தளத்தின் நிர்வாகி எழுதியிருந்தார்: 'துப்பறிவாளர் தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறை சிரித்தார், பதினேழாவது நாவல், பக்கம் 1146 என்று குறிப்பிட்டுள்ளீர்கள். அந்த நாவலுக்கு மொத்தமே 212 பக்கங்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அச்சுப் பதிப்பிலிருந்து சரியான சான்று தராவிட்டால் உங்கள் நாற்பது குறிப்புகளும் நீக்கப்படும்.'

"என்னங்க, முகம் தொங்கிப் போச்சு?"

"என் பலகையில ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறுன்னுதான் காட்டுது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். திரையில் மொத்தம் ஒன்பதே வார்த்தை. ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு.

விஷயம் இதுதான். மெக்கானிக்குக் கண்ணாடி போடப் பிடிக்காது. கண்ணாடி போட்டால் வயதாகிவிடுமாம். எழுத்து மங்கும்போதெல்லாம் பலகையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தார். எழுத்து ஊத ஊதப் பக்கமும் பெருகியது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல் அவர் கையில் ஆயிரத்து எழுநூறு பக்கமாகிக் கிடந்தது.

"ஏங்க, 'மூணாவது மாடியில லிஃப்ட் நின்னுபோச்சு'ன்னு ஒருத்தர் போன் பண்ணினா என்ன கேப்பீங்க?"

"எந்தக் கட்டடம்னு கேப்பேன்."

"அதைத்தான் அவங்களும் கேக்கறாங்க. உங்க கட்டடம் தினம் நாலு மாடி வளருது."

"நீ தையலைப் பாரு."

அவள் தையலைப் பார்த்தாள்.

அச்சுப் புத்தகத்துக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நின்றால் மானம் போய்விடும். அப்போதுதான் நினைவு வந்தது. கட்டிலுக்கடியில் மனைவியின் இரும்புப் பெட்டி. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கின ஒரு புத்தகத்தை அதில்தான் வைத்திருந்தாள். பதினேழாவது நாவலேதான்!

பெட்டியின் சாவி எப்போதும் அவள் கைப்பையை விட்டு வெளியே வராது. வியாழக்கிழமை அவள் திரைச்சீலைகளைக் கொடுக்கப் போனபோது அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டுப் போயிட்டா, அசடு" என்று மெக்கானிக் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

புத்தகத்தைத் திறந்தார். பொடி எழுத்து. எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கையை நீட்டிப் பார்த்தார், கை போதவில்லை. கடைசியில் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினார். முன்பக்கத்தில் 'மூன்றாம் பதிப்பு' என்று இருந்தது. ஒரு மணி நேரம் படம் பிடித்துத் தேடியதில் அந்தச் சிரிப்பு 118ஆம் பக்கத்தில் அகப்பட்டது. 'மூன்றாம் பதிப்பு, பக்கம் 118' என்று தளத்தில் போட்டுவிட்டு, பெட்டியைப் பூட்டி, சாவியை மாட்டி, நல்ல பிள்ளையாக நாற்காலியில் சாய்ந்தார்.

சாயங்காலம் பதில் வந்தது. 'மூன்றாம் பதிப்பில் 118ஆம் பக்கத்தில் துப்பறிவாளர் மயங்கிக் கிடக்கிறார். மயக்கத்தில் சிரித்தாரா?'

வெள்ளி முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலை தையல் அறை வாசலில் வந்து நின்றார்.

"இந்தா... உன் பெட்டியில ஒரு புத்தகம் இருக்கே..."

"வியாழக்கிழமை எடுத்தீங்களே, அதா?"

மெக்கானிக் சுவரைப் பார்த்தார்.

"அது ஒரு புத்தகம் இல்லீங்க, ரெண்டு. என்கிட்ட இருந்ததுல பின்பாதி மழையில போயிடுச்சு. என் சிநேகிதிகிட்ட இருந்ததுல முன்பாதியை எலி தின்னுடுச்சு. அவளோட பின்பாதியை வாங்கி நானே தைச்சேன். முன்னால மூணாம் பதிப்பு. பின்னால வேற பதிப்பு."

"வேறன்னா எத்தனையாவது?"

"தைச்ச இடத்துல பொடியா எழுதி வெச்சிருக்கேனே, பார்க்கலையா? தொண்ணூறாம் பக்கத்துக்கு அடுத்தாப்புல எழுபத்தஞ்சு வருதே, அதுவுமா தெரியலை?"

"அடியே, சொல்லிடேன்!"

"நான் எதுக்குச் சொல்லணும்? கண்ணாடி போட்டா நீங்களே படிச்சுக்கலாம். கண் டாக்டர்கிட்ட பதினோரு மணிக்குச் சொல்லியிருக்கேன். அப்புறம், அந்தச் சாய்வு நாற்காலி இந்த ரூமுக்கு வரணும். எனக்கு முதுகு வலி."

நாற்பது குறிப்புகளும் கண்முன் வந்து நின்றன. மெக்கானிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிறு மத்தியானம் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். பச்சை நூல் தையலுக்குப் பக்கத்தில் குட்டிக் கையெழுத்து: 'இதிலிருந்து ஏழாம் பதிப்பு.' துள்ளிக் குதித்துத் தளத்தில் எழுதினார். ஐந்தே நிமிடத்தில் பதில்.

'ஏழாம் பதிப்பு, பக்கம் 118. சரி. உங்கள் குறிப்புகள் நீக்கப்படமாட்டா.'

"ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினார். அப்புறம்தான் கீழே இருந்ததைப் படித்தார்.

'இதே விவரத்தைத் தையலின் புகைப்படத்தோடு வியாழக்கிழமையே அனுப்பிய பச்சைநூல் என்ற வாசகியைச் சான்று சரிபார்ப்பாளராக நியமிக்கிறோம். முப்பத்தொரு நாவலின் அச்சுப் பிரதிகளும் அவரிடம் இருக்கின்றன. உங்கள் மற்ற முப்பத்தொன்பது குறிப்புகளை அவர் சரிபார்ப்பார்.'

வாசலில் தடதடவென்று சத்தம். பக்கத்து வீட்டு அக்கா முதல் கட்டுப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வந்து, காலி அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

தையல் அறையில் சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏங்க, முதல் குறிப்பைத் திருப்பி அனுப்பறேன். எந்தக் கட்டடம்னு போடலை."