மேனேஜர் வயிற்றைக் குறைக்கலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நீங்கள் கேட்டது ஒப்புதல் கையெழுத்துகளை மட்டும்தான். அவற்றை உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டிய இடத்தில் இத்தனை பக்கமா என்று உங்களுக்குத் தோன்றும். தொலைபேசியில் விளக்கிவிடலாம் என்றுதான் போன வாரம் கூப்பிட்டேன். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் எடுத்து "ஹலோ" என்றதும், "சாரி, ராங் நம்பர்" என்று நானே சொல்லி வைத்துவிட்டேன். கூப்பிட்டதும் நானே, ராங் நம்பர் என்றதும் நானே. எழுத்தில் எனக்கு அவ்வளவு பயம் இல்லை. அதனால் நீளம் கூடிவிடுகிறது.

நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் சுகம். அப்பாவின் பழைய தையல் மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் இருமல்.

உங்கள் பத்திரிகையின் "வேலை நேரம்" புகைப்படப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கும் "ட்ரயல்" என்ற படத்தை எடுத்தவள் நான். பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்வரை அப்பாவின் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறேன். படத்தில் இருப்பது எங்கள் கடைதான். ஓய்வுபெறும் விழாவுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்த வங்கி மேனேஜர், ஒரு கை மட்டும் வைத்த கோட்டோடு சின்ன ஸ்டூலின் மேல் நிற்கிறார். ட்ரயல் கண்ணாடி அவருக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் எந்த மனிதரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார் என்பதால், இடுப்பளவு எடுக்கும்போது ஆளைத் திருப்பி நிறுத்துவது அப்பாவின் வழக்கம். அன்று மேனேஜர் கண்ணாடி இல்லாமலே இழுத்துப் பிடித்திருந்தார். அப்பா அவர் முன்னால் மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளோடு, "மூச்சை விடுங்க சார், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். மேனேஜர் விட்டார். இஞ்சு டேப் அப்பாவின் கையிலிருந்து வழுக்கிப் போகப் பார்த்தது. ஓரத்தில் பட்டன் வைத்துக்கொண்டிருந்த அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நொடியில் என் கைப்பேசியில் எடுத்த படம் அது. அப்பாவின் முதுகுதான் நமக்குத் தெரியும்; முகம் கண்ணாடிக்குள் இருக்கிறது.

கடைசிச் சுற்றுக்கு வந்ததைச் சொன்ன உங்கள் கடிதத்தில், படத்தில் முகம் தெரியும் ஒவ்வொருவரும் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும், படத்தில் எந்தெந்தத் திருத்தம் செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று இருந்தது. திருத்த விதிகளை நன்றாகவே புரிந்துகொண்டேன். ஓரத்தை வெட்டலாம். சாய்ந்திருந்தால் நிமிர்த்தலாம். இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம், நிறத்தைக் கண்ணால் பார்த்த அளவுக்குக் கொண்டுவரலாம், லென்ஸில் ஒட்டிய தூசியின் புள்ளியை எடுக்கலாம். ஆனால் இருந்ததை நீக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது, எதன் உருவத்தையும் நீட்டவோ குறுக்கவோ கூடாது. எனக்கு இது கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. தொல்லை எல்லாம் இதை மற்றவர்களுக்குச் சொல்லப் போனதில்தான்.

முதலில் மேனேஜர். அடுத்த ட்ரயலுக்கு வந்தபோது படத்தைக் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். எடுத்த பேனா அந்தரத்தில் நின்றது. "சைன் பண்றதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இது மட்டும் கொஞ்சம்…" என்று, திறந்து கிடக்கும் மேசை டிராயரை மூடுவதுபோல இரண்டு உள்ளங்கைகளாலும் காற்றைத் தள்ளிக் காட்டினார். "ரிட்டயர் ஆகுறதுக்குள்ள இளைச்சிடுவேன்னு ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்கேன். அங்க எல்லாரும் இந்தப் பத்திரிகை வாங்குறவங்க. நீ இதைக் குறைச்சுக் கொண்டா, நான் உடனே போடுறேன்." குறைத்தால் நீங்கள் படத்தைத் தள்ளிவிடுவீர்கள், குறைக்காவிட்டால் அவர் கையெழுத்தைத் தர மாட்டார். "அது விதிப்படி…" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைப் பைக்குள் திரும்பச் செருகிக்கொண்டார்.

அப்பாவாவது என் பக்கம் இருப்பார் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அதனால் மருந்துச் சீட்டு, வரி நோட்டீஸ், மிக்ஸி வாரண்டி என்று அச்சில் வந்த எதற்கும் பொருள் சொல்லும் பொறுப்பு என்னுடையது. "படிச்ச பொண்ணு சொல்லுது" என்று நான் தப்பாகச் சொன்னதைக்கூட நம்பியிருக்கிறார்கள். சரியாகச் சொன்ன இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை. "ஏம்மா, அவர் கேக்குறதுல என்ன தப்பு?" என்றார் அப்பா. "ஒருத்தருக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கும், உள்ளே பஞ்சு வெச்சு ஏத்துறேன். குள்ளமா இருந்தா கோடு போட்ட துணி எடுக்கச் சொல்றேன். இருக்கிறதை இருக்கிற மாதிரியே காட்டணும்னா ஆளுக்கொரு போர்வை போதுமே, தையக்காரன் எதுக்கு?" நான்கு வருடம் படித்த நான், உங்கள் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

அதற்குள் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை, அவளுக்கு முன்பல் ஒன்று போய் நாளாகிவிட்டது. "என்னடி இது, நடுவுல ஒரு கதவு தொறந்து கிடக்குது! அந்தப் பல்லை வெச்சுடு" என்றாள். "இல்லாததைச் சேக்கக் கூடாது அத்தை." "அது என் பல்லுடி. அங்கேதான் இருந்துச்சு. ஊரான் பல்லையா வெக்கச் சொல்றேன்?" ஓரத்தை வெட்டலாம் என்ற விதி நினைவுக்கு வந்து, அத்தையை மட்டும் வெட்டிப் பார்த்தேன். அத்தை போய்விட்டாள், ஊசி பிடித்த அவள் கை மட்டும் மேனேஜரின் இடுப்புக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. அதைப் பார்ப்பவர்கள் உங்களுக்கு எழுத மாட்டார்கள், போலீஸுக்குத்தான் எழுதுவார்கள். கையையும் சேர்த்து வெட்டினால் டேப்பின் நுனி போகிறது. நான் வெட்டியதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்ட அத்தை, "இந்தக் கடைக்கு வர்றவனுக்கெல்லாம் பட்டன் வெச்சவ நான். என்னையே பிசிறு மாதிரி நறுக்குறியா?" என்று அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. படம் எடுத்த அன்று நூல் வாங்கப் போயிருந்ததால் படத்தில் இல்லாத அம்மாவும், "நான் வெளியே போற நேரமாப் பாத்து எடுத்திருக்கே" என்று தன் வருத்தத்தைப் பதிவு செய்தாள்.

இந்த நிலையில்தான் எதிர்க்கடை ஸ்டூடியோ அண்ணன் உள்ளே நுழைந்தார். அவர் எடுத்த பாஸ்போர்ட் படங்களின்படி எங்கள் தெருவில் ஒருவருக்கும் தழும்பு கிடையாது, கண்ணுக்குக் கீழே கருமை கிடையாது. "தங்கச்சி, இப்ப எல்லாரும் பண்றதுதான். அங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு என்ன தெரியப்போவுது?" என்றார். மன்னிக்கவும், அது அவர் சொன்னது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் திறப்பதற்குள் அப்பா என் கைப்பேசியிலிருந்து படத்தின் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பச் சொல்லி, நானும் அனுப்பி, அவரும் போய்விட்டார். (மூலப்படம் பத்திரமாக இருக்கிறது. ஒரு புள்ளிகூடத் தொடவில்லை.)

மாலையில் பெரிய அளவில் அச்சுப் போட்டுக்கொண்டு வந்தார். மேனேஜரின் வயிறு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அத்தைக்குப் பல் முளைத்திருந்தது. "பல்லு ஏதுண்ணே?" என்று கேட்டேன். "மேனேஜர் வாயிலேர்ந்து ஒண்ணு எடுத்தேன், அவருக்கு நிறைய இருக்கு." எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவின் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அம்மா தனியாக நிற்கும் படம் அவர் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாம். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. நரைத்த அப்பாவுக்குப் பக்கத்தில் என்னைவிடச் சின்னப் பெண்ணாக, இரட்டைச் சடையோடு, வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். "அண்ணனுக்கு ரெண்டாம் கல்யாணம் பண்ணி வெச்ச மாதிரி இருக்கு" என்று அத்தை கோபத்தை மறந்து சிரித்தாள். அம்மா மட்டும் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதை எங்கேயும் அனுப்பாதே. ஆனா கிழிச்சுப் போட்டுறாதே" என்றாள்.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வாங்கினார். நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவார், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் வயிற்றையும் பார்க்கவில்லை, பல்லையும் பார்க்கவில்லை.

"டேப்புக்கு என்னப்பா ஆச்சு?"

"வயித்தை உள்ளே தள்ளினா மேலே இருக்கிற டேப்பும் கூடவே போகும் மாஸ்டர். அதெல்லாம் யாரு உத்துப் பாக்கப்போறாங்க?"

"நான் பாக்குறேனே!" அப்பா அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. டேப்பில் எண்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, நெரிசலில் மாட்டிய கூட்டம்போல நின்றன. "நாப்பத்து நாலு எங்கேப்பா? நாப்பத்து மூணுக்குப் பக்கத்துல நாப்பத்தஞ்சு நிக்குது! கோட்டு ஆயிரம் பொய் சொல்லட்டும், அது போட்டுக்கிறவருக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. அளவு ஒரு நூல் பொய் சொன்னாக்கூட அந்தக் கோட்டுக்குள்ள அவர் நுழைய முடியாது. என் கையில இப்படி ஒரு டேப்பைக் குடுத்து, அதை ஊருக்கே அச்சடிச்சுக் காட்டுவியா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் போட்டிக்காரங்க கேக்குறது கோட்டை இல்ல, அளவைத்தான். அப்படித்தானே? இதை நீ மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?" நான் மொத்த வாரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஐயா.

மேனேஜர் கோட்டை வாங்கிப்போக மனைவியோடு வந்தார். இந்த முறை அப்பா அவரைக் கண்ணாடி பார்க்க நிறுத்தினார். கோட்டு தன் பொய்களை எல்லாம் அழகாகச் சொன்னது. மேனேஜர் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அப்பா சமயம் பார்த்து ஒப்புதல் தாளை நீட்டினார். "வயிறு குறைச்சாச்சா?" என்றார் அவர். "கோட்டுல குறைச்சாச்சு சார். படத்துல முடியாது. டேப் கெட்டுப்போகுது." அவர் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அதற்குள் அவர் மனைவி என் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வயிறு எனக்குப் புதுசு இல்லீங்க. ஆனா நீங்க இப்படி நிம்மதியா மூச்சு விட்டு நிக்கிறதை நான் பாத்தே ரொம்ப நாளாச்சு. போடுங்க கையெழுத்தை" என்றார். மேனேஜர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். "ஆமா, அந்த நிமிஷம் சுகமாத்தான் இருந்துச்சு மாஸ்டர்" என்றார். பட்டன் போட்ட கோட்டில் குனிய முடியாததால், பட்டனை அவிழ்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்து அத்தை, "இல்லாத பல்லுக்கும் சேத்துத்தான்" என்று போட்டாள். அப்பா போட்டார். எல்லாம் இந்த உறையில் இருக்கின்றன.

நான் படத்தில் செய்த திருத்தங்கள்: இடப்பக்கம் சாய்ந்திருந்ததை நிமிர்த்தினேன், டியூப்லைட் போதாததால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். மேலே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. தூசி என்று நீக்கப்போய், சந்தேகம் வந்து சுவரைப் பார்த்தால் அது ஆணி. ஆணியை விட்டுவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை. விதி விதிதான்; எந்தச் சலுகையும் நான் கேட்கவில்லை.

உங்கள் கண்ணுக்கும் பேனாவுக்கும் என்றும் நல்ல வெளிச்சம் வாய்க்கட்டும். அப்பா தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார். உங்களுக்குக் கோட்டு தேவைப்பட்டால் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தித்தான் அளவெடுப்பாராம், தப்பாக நினைக்க வேண்டாமாம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
"ட்ரயல்" படத்தை எடுத்தவள்

பி.கு.: எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளும்படி மேலே எழுதிவிட்டேன். போடவில்லை. கண்ணாடியில் அப்பாவின் முகத்துக்கு மேலே பாருங்கள். கத்தரிக்கிற மேசை மேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு கண்ணை இறுக்கி மூடி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, தலையில் நூல் ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல் கைப்பேசியைப் பிடித்திருக்கிறாளே ஒருத்தி, அவள் நான்தான். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் பல்லும் வயிறும். எங்கள் வீட்டுப் படங்கள் எதிலும் நான் கிடையாது. எடுப்பவள் நான் என்பதால் யாருக்கும் அது தோன்றியதில்லை, எனக்கும் அது வசதியாக இருந்தது. அவளை நீக்கிவிடலாமா என்று உங்களைக் கேட்கத்தான் அன்று தொலைபேசியில் கூப்பிட்டேன், மேனேஜர் வயிற்றுக்காக அல்ல. கூடாது என்று தெரியும். வெட்டவும் முடியாது, அப்பாவின் முகம் போய்விடும். ஆக, முகம் தெரியும் நான்காவது ஆளின் கையெழுத்து பாக்கி. தாளை எடுக்கிறாள், பேனாவை எடுக்கிறாள், மூடி வைத்துவிடுகிறாள். நாளைக்குக் கடைசி நாள் இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். எனக்கு நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, ஐயா. அவளுக்கு மட்டும், "இருந்துட்டுப் போகட்டும்மா, போடு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.