பெரிய தொட்டிக்கு மாத்திடுங்க

பழைய தொட்டியின் நீர் முழுவதையும் ஊற்றிய பிறகும் புதிய தொட்டி பாதிதான் நிறைந்திருந்தது. பல் மருத்துவமனையின் வரவேற்பாளர் ஓரடி பின்னால் நகர்ந்து நின்று அதைப் பார்த்தார். பெரிய தொட்டிக்கு அதிக நீர் வேண்டும் என்பது பதினொரு ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. காலடியிலிருந்த வாளிக்குள் ஐந்து கடல்மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றின.

முதல் நாள் வெளியூர் கிளம்பும்போது டாக்டர் அதிகம் பேசவில்லை. "மீனையெல்லாம் பெரிய தொட்டிக்கு மாத்திடுங்க. நாளைக்கு நாலு மணிக்கு வந்து பாத்துட்டு, நிர்வாகப் பொறுப்பை யார்கிட்ட குடுக்கறதுன்னு முடிவு பண்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பொறுப்புக்காக வரவேற்பாளர் ஐந்து ஆண்டுகளாகக் காத்திருக்கிறார். அதற்கென்று ஒரு தனி அறை உண்டு. அந்த அறைக்குச் சன்னலும் உண்டு. ஆகவே, மீன் கடைக்காரரைக் கூப்பிடலாமா என்று செவிலி காலையில் கேட்டபோது, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்மளை நம்பிச் சொன்ன வேலை இது. ஊரைக் கூட்டச் சொல்லலை."

இப்போது மணி பன்னிரண்டரை. இன்னும் நான்கு வாளி உப்புத் தண்ணீர் கலந்து கொண்டுவரும்படி செவிலியிடம் சொல்லிவிட்டு, வரவேற்பாளர் தொலைபேசியை எடுக்கப் போனார். அதுதான் தவறு.

மீனுக்கான கடல் உப்புப் பொட்டலம் மேசையின் மேலேயே இருந்தது. ஆனால் அந்த மருத்துவமனையில் உப்புத் தண்ணீர் என்றால் ஒன்றே ஒன்றுதான்: பல் பிடுங்கிக்கொண்டவர்கள் வாய் கொப்பளிப்பது. செவிலி வழக்கம்போல் நீரை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, சமையல் உப்பைக் கரைத்து, மணத்துக்காகப் புதினாச் சொட்டும் விட்டு, வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினாள். நான்காவது வாளியும் காலியான பிறகே வரவேற்பாளர் திரும்பி வந்தார்.

"இதென்ன வாசனை?"

"புதினா மேடம். பெரியவங்களுக்குப் போடற அளவுதான் போட்டேன்."

"மீன் என்ன, வாய் கொப்பளிச்சுத் துப்பப் போகுதா?"

"உப்புத் தண்ணின்னுதான் சொன்னீங்க. யாருக்குன்னு சொல்லலையே."

மீன்களைத் தொட்டியில் விடவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் பழைய நல்ல நீரும் புதினா நீரோடு கலந்துவிட்டது. அத்தனையையும் வெளியேற்ற வேண்டும். குவளையால் மொண்டு ஊற்றினால் பொழுது சாய்ந்துவிடும். வரவேற்பாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். சிகிச்சை அறையின் கதவுக்கு அப்பால், நோயாளிகளின் எச்சிலை உறிஞ்சும் குழாய் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை இழுத்துத் தொட்டிக்குள் விட்டார். நாளெல்லாம் ஒரு கரண்டி எச்சிலுக்கு மேல் பார்த்தறியாத அந்த இயந்திரம் கால் மணி நேரம் மிகுந்த நேர்மையோடு உழைத்தது. பிறகு அடியில் கிடந்த மணலைத் தொட்டது, புரையேறியவரைப் போல இருமியது, நின்றுவிட்டது. தொட்டியில் இன்னும் முக்கால் பங்கு நீர் இருந்தது.

இதற்குள் வாளியிலிருந்த மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. அவற்றுக்குக் காற்றுப் போதவில்லை என்பது வரவேற்பாளருக்கே புரிந்தது. பல்லைக் காயவைக்கக் காற்றடிக்கும் கருவி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதை வாளிக்குள் நுழைத்து அழுத்தினார்.

நீர் கூரைவரை எழும்பியது. நீல மீனும் அதனுடன் எழும்பி, பொய்ப்பல்லுக்கு அளவு கொடுக்க வந்து, டாக்டர் இல்லை என்று தெரிந்தும் வெயில் தாழட்டும் என்று அமர்ந்திருந்த பெரியவரின் மடியில், விரித்த செய்தித்தாளின் நடுவே விழுந்து துடித்தது.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பல்லே இல்லாதவன் மடியில மீனைப் போட்டா என்னம்மா அர்த்தம்?"

வரவேற்பாளர் மீனைக் கிண்ணத்தில் ஏந்தி வாளியில் விட்டார். ஐந்தும் இருக்கின்றனவா என்று எண்ணினார். பிறகு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மணி இரண்டு. சன்னலுள்ள அந்த அறை அவருடைய கண்ணெதிரே மெல்ல மெல்ல விலகிப் போயிற்று.

இரண்டேகாலுக்கு மீன் கடைக்காரர், கலந்து வைத்த கடல்நீர்க் கேன்களோடு வந்து இறங்கினார். வரவேற்பாளர் செவிலியின் பக்கம் திரும்பினார்.

"யாரைக் கேட்டு இவரைக் கூப்பிட்ட?"

"மீனைக் கேட்டுத்தான் மேடம். அதுங்கதானே அவ்வளவு நேரமா வாயைத் திறந்து சொல்லிட்டிருந்துச்சு."

கடைக்காரர் தொட்டியைக் காலி செய்தார், கழுவினார், மணலைப் பரப்பினார், நீரை நிரப்பினார், மீன்களைப் பையிலிட்டு மிதக்கவிட்டுப் பக்குவமாக உள்ளே சேர்த்தார். மூன்றே முக்காலுக்கெல்லாம் போய்விட்டார். அவர் வந்துபோனதை டாக்டரிடம் மூச்சுவிடக் கூடாது என்று வரவேற்பாளர் செவிலியை எச்சரித்து, தரையைத் தாமே துடைத்தார்.

டாக்டர் சரியாக நான்கு மணிக்கு வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டியின் முன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். ஐந்து மீன்களும் பெரிய இடத்துக்குக் குடிபோனவர்களுக்குரிய மிடுக்கோடு நீந்தின.

"பிரமாதம். யார் மாத்தினது?"

இந்தக் கேள்விக்காகவே வரவேற்பாளர் நனைந்த உடையைக்கூட மாற்றாமல் நின்றிருந்தார். நீர் நிரப்பியது, வடித்தது, மீனுக்குக் காற்றுக் கொடுத்தது எல்லாவற்றையும், புதினாவை மட்டும் விட்டுவிட்டு, வரிசை பிசகாமல் எடுத்துரைத்தார். நீரில் ஊறிச் சுருங்கிய பத்து விரல்களையும் சான்றாக நீட்டினார்.

"எல்லாமே நான்தான் டாக்டர். என் கையாலயே செஞ்சேன்."

டாக்டரின் முகத்தில் மலர்ச்சி குறைந்தது. "கடைக்காரருக்கு யாருமே போன் பண்ணலையா?"

வெளியாளை உள்ளே விட்ட குற்றம் தம் தலையில் விழுவதை வரவேற்பாளர் விரும்பவில்லை.

"நான் பண்ணலை டாக்டர். இவதான், என்னை ஒரு வார்த்தை கேக்காம பண்ணிட்டா."

டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து சன்னலுள்ள அந்த அறையின் சாவிக்கொத்தை எடுத்துச் செவிலியின் கையில் கொடுத்தார். பிறகு வரவேற்பாளரைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்:

"போன வருஷம் நானும்தான் வீடு கட்டினேன் மேடம். செங்கல்லை நானா சுமந்தேன்?"