மூக்கு போன ராஜா

"ஒரு நாணயத்தின் மதிப்பை உயர்த்துவது உலோகமும் அல்ல, வயதும் அல்ல, மனிதக் கை தீண்டாத அதன் தவமே!"

ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில் ஆற்றவிருக்கும் உரையின் முதல் வரி இது. நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தின் நிரந்தரச் செயலாளர் இதை எழுதி, நிலைக்கண்ணாடி முன் நின்று ஒருமுறை முழங்கியும் பார்த்தார். சட்டைப் பொத்தான்கள் ஒன்று தள்ளி ஒன்றில் மாட்டியிருந்தன. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

மகளின் பிரசவத்துக்காக மனைவி போய் ஆறு மாதம் ஆகிறது. மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனாள்.

'திரும்பி வா' என்று கூப்பிடலாம். ஆனால் காரணமே இல்லாமல் மனைவியைக் கூப்பிடுவது ஒரு நிரந்தரச் செயலாளருக்கு அழகா? காரணம் ஞாயிற்றுக்கிழமை வரும். முதல் பரிசு கிடைத்தால், "பரிசளிப்பு விழாவுக்கு நீ வந்தாகணும்" என்று கம்பீரமாகச் சொல்லிவிடலாம். அவளும் வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் பேச ஆரம்பித்ததும் தூங்கிவிடுவாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சே ஓடும்.

பரிசுக்கு அவர் நம்பியிருந்தது தன் வெள்ளிக்காசை. அதிலிருந்த ராஜாவுக்கு மூக்கு கொஞ்சம் பெரிது. காசில் தன் மூக்கைப் பார்த்துக் கொதித்துப்போன ராஜா, அடித்ததையெல்லாம் உருக்கச் சொல்லிவிட்டாராம். தப்பித்தவை கைவிரல் கணக்குதான். பிறகு அடித்த சின்ன மூக்குக் காசு தெருவுக்குத் தெரு கிடைக்கும். மவுசு பெரிய மூக்குக்குத்தான்.

புதன்கிழமை காலை, போன் பக்கத்திலிருந்த வெல்வெட் பெட்டியைத் திறந்து, வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பதுபோல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ராஜா பளபளவென்று இருந்தார். மூக்கைக் காணோம்.

"ஏம்மா! இதைத் தேய்ச்சியா?"

காலையும் மாலையும் வேலைக்கு வரும் அம்மாள் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "எனக்குத் தேய்க்க இந்த வீட்டுல வேற பாத்திரமே இல்லையா சார்?"

"பின்னே ராஜா மூக்கு எங்க போச்சு?"

"நான் ஒண்ணு சொல்லட்டுமா சார்..."

"சொல்லாதே! நூறு வருஷ அழுக்கும்மா அது. அந்த அழுக்குதான் விலையே!"

"அப்படின்னா உங்க ஜன்னலெல்லாம் பெரிய சொத்து சார். இனிமே நான் தொடல."

துடைப்பத்தைச் சாத்திவிட்டு வெளியேறினாள். வந்த கோபத்தில் குடையை மறந்துவிட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல மனைவியின் போன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நடந்ததைச் சொன்னார்.

"அடப்பாவமே! ஏங்க, லைன்ல சரக் சரக்குன்னு ஒரு சத்தம் வருதே, நான் வந்த நாள்லேர்ந்து. ரிப்பேர் பண்ணச் சொல்லுங்களேன்."

"சொல்றேன்."

"பேத்தி இப்ப குப்புற விழறா."

"அப்படியா? நீ..." என்று ஆரம்பித்தார்.

"நான்?"

"நீ... சர்க்கரை டப்பாவை எங்க வெச்ச?"

"அடுப்புக்கு மேல் தட்டுல. ஆறு மாசமா அங்கதாங்க இருக்கு."

வியாழக்கிழமை சங்கப் பொருளாளரிடம் யோசனை கேட்டார்.

"அவிச்ச முட்டையோட காசை ஒரு டப்பாவுல போட்டு மூடி வைங்க. ஒரே நாள்ல வெள்ளி கறுத்து, நூறு வயசு கூடிடும்."

"மூக்கு?"

"கறுத்துப்போனா மூக்கு இருக்கா இல்லையான்னு எவன் கண்டான்?"

ஒரு முட்டைக்குப் பதில் மூன்று போட்டு மூடினார். அன்றைக்குப் போனில் பேச்சு சரியாக வரவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"இன்னைக்கு லைன் சுத்தமா இருக்கே! ரிப்பேர் பண்ணிட்டீங்களா?" என்று மனைவி சந்தோஷப்பட்டாள். அவர் ஐந்து நிமிஷத்தில் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை திறந்தபோது காசு கரிப்பிடித்த சட்டியின் அடிபோல் இருந்தது. மாடி வீட்டுக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"சார், உள்ள ஏதாவது செத்துக் கிடக்கா?"

"ஆராய்ச்சி நடக்குது."

"எப்ப எடுப்பீங்க?"

சனிக்கிழமை முழுக்க சமையல் சோடா போட்டுத் தேய்த்தார். கறுப்பு போனது. அதோடு கிரீடத்தில் பாதியும் ராஜாவின் தாடியும் போயின.

ஞாயிற்றுக்கிழமை நடுவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தம்மா யாரு?"

"ராஜா சார். பெரிய மூக்கு அச்சு!"

"மூக்கே இல்லாதப்ப பெரிசு என்ன, சின்னது என்ன? தேய்ச்ச காசு சார். வெள்ளி விலைக்குப் போகும்."

முதல் பரிசு பொருளாளருக்கு. சின்ன மூக்குக் காசுதான், ஆனால் நல்ல அழுக்கு.

உரையாற்ற எழுந்த செயலாளர், "மனிதக் கை தீண்டாத அதன் தவமே!" என்றதும் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே தூங்க யாரும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணி. கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியில் சாய்ந்தார்.

"பரிசு என்னங்க ஆச்சு?"

"இல்ல."

"போனாப் போகுது விடுங்க."

"போனாப் போகுதா? பரிசு கிடைச்சிருந்தா... கிடைச்சிருந்தா உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

மனைவி பேச்சை மாற்றினாள்.

"யாரு தேய்ச்சதுன்னாவது தெரிஞ்சுதா?"

"தெரியல. முப்பது வருஷம் ஒரு விரல் படாம காப்பாத்தினேன். எந்தப் புண்ணியவான் கை வெச்சானோ!"

"அய்யோ, லைன் மறுபடியும் கெட்டுப்போச்சுங்க. அதே சரக் சரக்."

குடையை எடுக்க வந்த வேலைக்கார அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனுக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"கோளாறு லைன்ல இல்லம்மா. ஆறு மாசமா நீங்க பேசும்போதெல்லாம் சார் அந்தக் காசைத்தான் சட்டை நுனியில தேய்ச்சுக்கிட்டு இருக்காரு."